தண்ணீர் வந்தால் வருகிறேன் என்றாள்

சரூன் அண்ணனுக்கு வேலை வீடு இழுப்பது. எங்கள் ஏரியில் தண்ணீர் ஏறினால் ஊரும் கூடவே கரையை நோக்கி நகரும். தண்ணீர் வடிந்தால் ஊரும் பின்வாங்கி ஏரிக்குள் போகும். மூங்கில் கட்டுகளின் மேல் மிதக்கும் வீடுகளை ஒவ்வொன்றாகக் கயிறு போட்டுத் தன் இயந்திரப் படகில் கட்டி இழுத்துப் போய்ப் புது இடத்தில் நிறுத்துவார். எங்கள் ஊரான கொம்போங் ப்ரிங்கில் நூற்றுப் பத்து வீடுகள் இருந்த காலத்தில் வருஷத்துக்கு நான்கு முறை அத்தனையையும் அவர்தான் இழுத்தார். ஒன்றைக்கூடக் கவிழ்த்ததில்லை. ஒருமுறை உள்ளே பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வீட்டை இழுத்தார். பிள்ளை எந்த இடத்தில் பிறந்தது என்று எழுதத் தெரியாமல் ஊர்த் தலைவர் இரண்டு நாள் திண்டாடினார்.

நான் அவருக்குப் பக்கத்து வீடு. வீடு என்ன, கடையும் அதுதான். அரிசி, எண்ணெய், தூண்டில் முள், சோப்பு விற்பேன். சூரியத் தகடு வாங்கிக் கூரையில் போட்ட பிறகு ஊரார் செல்போனுக்கெல்லாம் என் கடையில்தான் சார்ஜ். ஒயரில் செருகியபடியே நின்று பேசுவார்கள்; மறுமுனைப் பேச்சும் வெளியே கேட்கும். கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் காது நம்முடையதுதானே. அதனால்தான் சரூன் அண்ணனும் நியாரி அக்காவும் பேசியதெல்லாம் எனக்குத் தெரியும்.

அவர்கள் கல்யாணக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு பிற்பகல் காற்று கிளம்பி நியாரியின் அப்பா வீட்டுக் கயிறு அறுந்துவிட்டது. அப்பா மீன் பிடிக்கப் போயிருந்தார். வீடு நியாரியோடு நடு ஏரிக்கு மிதந்து போய்விட்டது. சரூன் படகை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனவர், அவள் அடுப்பு மூட்டி விரால் வறுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

“பயமா இல்லையா?” என்று கேட்டாராம்.

“பயந்தா வீடு திரும்பிப் போயிடுமா? கயிறு கட்ட வந்தவன் கயிறக் கட்டு. மீன் கருகுது, பேச்சுக் குடுக்காத.”

போக அரை மணி நேரம் ஆன தூரத்தைத் திரும்பி வர இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். இயந்திரம் சூடாகிவிட்டது என்று ஊரில் சொன்னார். அதன் பிறகு எத்தனை முறை ஊர் நகர்ந்தாலும் நியாரியின் அப்பா வீடு சரூனின் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றது. மூன்றாவது முறை அந்தப் பெரியவர் கேட்டே விட்டார்.

“ஏண்டா, ஊருல நூறு வீடு இருக்கு. என் வீடு மட்டும் எப்பவும் உன் வீட்ட ஒட்டியே நிக்குதே, எப்படி?”

“காத்து அப்படித் தள்ளுது பெரியவரே.”

“காத்துக்கு என் மக இருக்கிற ஜன்னல் தெரியுமோ?”

அடுத்த மழைக்கு முன்னால் கல்யாணம் நடந்தது. கொலாப் என்று ஒரே பெண்.

இருபது வருஷத்துக்கு மேல் அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். மழைக்காலத்தில் பெரிய ஆறு பெருகி, ஏரியிலிருந்து போகும் ஆற்றைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளும். ஏரி கடலாகிக் காட்டுக்குள் நுழையும். மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். அந்தக் கிளைகளுக்கு நடுவில்தான் மீன் முட்டையிடும், குஞ்சு வளரும். வீட்டு வாசலில் உட்கார்ந்தபடியே நியாரி அக்கா கூடையை விட்டு மீன் அள்ளுவாள். “என்னடி, கடைக்குப் போகாமலே கடைச் சாமான்” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

பிறகு தண்ணீர் பிந்த ஆரம்பித்தது. ஒரு வருஷம் ஒரு மாதம் பிந்தியது, அடுத்த வருஷம் இரண்டு மாதம். வந்தாலும் வந்த வேகத்தில் போனது. மழை முன்போல் இல்லை, வெயில் முன்போல் இல்லை, மேலே எங்கேயோ அணைகளும் கட்டியிருக்கிறார்கள் என்று வானொலியில் பேசினார்கள். 2016 கோடையில் காடு பற்றிக்கொண்டது. வருஷத்தில் பாதி நாள் தண்ணீருக்குள் நிற்கும் காடு எரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம். சரூன் அண்ணன் படகில் தகர டப்பாக்களில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போய் ஊற்றினார். மூன்று நாள் ஊற்றினார். நான்காம் நாள் புருவம் கருகி வந்து என் கடை வாசலில் உட்கார்ந்தவர், “பாதி ஏரியக் கொண்டுபோய் ஊத்திட்டேன் சீம். அணையல” என்றார். இரண்டு நாள் எதுவும் சாப்பிடவில்லை. அவர் வீடுகளைக் கட்டி நிறுத்தும் மரங்களும் அந்தத் தீயில்தான் போயின.

மீன் குறைந்ததும் பிள்ளைகள் ஊரை விட்டுப் போனார்கள். கொலாப் தலைநகரில் துணி தைக்கும் ஆலையில் சேர்ந்தாள். அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். 2019இல் அவளுக்குப் பிரசவ நேரம். அந்த வருஷம் ஆகஸ்ட் முடிந்தும் ஏரி ஏறவில்லை. ஊர் சேற்றுக்கு நடுவில் குட்டையில் நிற்பதுபோல் நின்றது.

நியாரி அக்கா மகளிடம் போக மூட்டை கட்டினாள். சரூன் அண்ணன் கூடவே நின்று அது இருக்கிறதா, இது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“மூணு மாசம்தான்யா. கொழந்த கழுத்து நின்னதும் வந்துடுவேன்.”

“மூணு மாசமா?”

“இங்க இருந்து என்ன பண்ணப் போறேன், சேத்தப் பாத்துக்கிட்டு? தண்ணி வந்தா சொல்லு. அன்னைக்கே பஸ் ஏறிடுறேன்.”

“வரும். இந்த மாசக் கடைசில வந்துடும்.”

“அப்ப மாசக் கடைசில வரேன், போ.”

சிரித்துக்கொண்டேதான் போனாள். தண்ணீர் வரவில்லை. முன்னோருக்குச் சோறு படைக்கும் பதினைந்து நாட்களும் வந்து போயின. ஏரி ஒரு முழம் ஏறி, ஏதோ மறந்ததுபோல் இறங்கிவிட்டது.

அண்ணன் தன் வீட்டுக்கு முன்னால் ஒரு கம்பை நட்டு அதில் கத்தியால் கோடு போட்டிருந்தார். எழுந்ததும் அதைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு என் கடைக்கு வந்து செல்போனைச் செருகுவார்.

“சாப்ட்டியா?” என்பார்.

“சாப்ட்டேன். நீ?”

“ம்.”

“தண்ணி?”

“நேத்து அளவுதான்.”

“சரி. நாளைக்குப் பேசு.”

இதுதான் பேச்சு. தினமும் இதேதான். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்: “அண்ணே, வேற எதுவும் பேச மாட்டீங்களா? அக்காவத் தேடுதுன்னாவது சொல்லக் கூடாதா?”

“அவளுக்குத் தெரியாதா என்ன?” என்று ஒயரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கோடையில் வீடுகள் கிளம்ப ஆரம்பித்தன. முதலில் மீன் தொட்டி வைத்திருந்தவர் வீடு. பிறகு பள்ளி ஆசிரியர் வீடு. கரையில் சாலை முடியும் இடம்வரை இழுத்துத் தரச் சொல்வார்கள். அங்கே வீட்டைப் பலகை பலகையாகப் பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். எல்லாவற்றையும் சரூன் அண்ணன்தான் இழுத்தார். முன்பெல்லாம் இழுக்கும்போது வீட்டுக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து கதை பேசுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். இப்போது வாய் திறக்காமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆழம் போதாமல் பாதி வழியில் வீடு தரை தட்டும். இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். இரண்டு வருஷத்தில் தொண்ணூற்றிரண்டு வீடுகள் அப்படிப் போயின.

மிச்ச வீடுகளை அண்ணன் நெருக்கி நிறுத்தியிருக்கலாம். காற்றுக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனால் பழைய வரிசைப்படியே நிறுத்தினார். போனவர்களுடைய இடத்தைக் காலியாக விட்டார். எனக்கும் மறுபக்கத்து வீட்டுக்கும் நடுவில் மூன்று வீட்டு அளவு வெறும் தண்ணீர். ஒரு கிண்ணம் உப்புக் கொடுக்கவும் படகு எடுக்க வேண்டியதாகிவிட்டது.

“அண்ணே, அங்க யாரு வரப் போறா? இங்கிட்டு ஒட்டி இழுத்து விடுங்க.”

“ஆசிரியர் இடம் அது.”

“அவரு நகரத்துல காவக்காரரா வேலைக்குச் சேந்துட்டாரு.”

“இருந்துட்டுப் போகட்டும். எடம் என்ன சோறா கேக்குது?”

நியாரி அக்காவின் மூன்று மாதம் ஒரு வருஷமாயிற்று. கொலாப்புக்கு ஆலையில் ஷிப்ட் வேலை. மருமகன் கட்டட வேலை. பிள்ளையைப் பார்க்க வேறு ஆளில்லை. அண்ணன் ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்தார். ஒரே அறை, நான்கு பேர். பத்தொன்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். என்ன அண்ணே என்றேன். “தரை ஆடவே மாட்டேங்குது சீம். படுத்தா செத்துப் போயிட்ட மாதிரி இருக்கு” என்றார்.

இரண்டாம் வருஷமும் தண்ணீர் பிந்தியது. அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணன் வந்து செல்போனைச் செருகினார். நான் எண்ணெய் அளந்துகொண்டிருந்தேன்.

“தண்ணி?” என்று அந்தப் பக்கம் கேட்டாள்.

“வந்திருச்சு,” என்றார்.

என் கையிலிருந்த எண்ணெய் தளும்பிவிட்டது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நெசமாவா? எவ்வளவு?”

“கரையில சந்தைத் தூண் வரைக்கும். காட்டுக்குள்ள போயிருச்சு. மீனு… மீனெல்லாம் துள்ளுது.”

செல்போனுக்குள் அவள் மகளைக் கூப்பிட்டுக் கத்துவது எனக்கே கேட்டது. அண்ணன் ஒயரைப் பிடுங்கினார். நான் அவரையே பார்த்தேன்.

“என்னண்ணே இது?”

“தெரியல சீம். வாயில வந்துருச்சு.”

“அவங்க வந்து பாத்தா?”

“பாக்கட்டும்,” என்றார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறாள் என்று செய்தி வந்தது. “நீயும் கூட வா. நீ இருந்தா அடிக்க மாட்டா” என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஊரிலிருந்து சாலை முடியும் இடம்வரை படகு போகாது. முழங்கால் சேற்றில் முக்கால் மணி நேரம் நடந்து போய்ச் சேர்ந்தோம்.

அவள் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். நல்ல பாவாடை கட்டியிருந்தாள். நகரத்தில் வாங்கிய புதுச் செருப்பு. ஒரு மூட்டை, ஒரு பிளாஸ்டிக் கூடை. அந்தக் கூடை வாசலில் மீன் அள்ளுவதற்கு என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சாலை ஓரத்தில் நின்று எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே சேறு வெடித்துக் கிடந்தது. தூரத்தில் எங்கள் வீடுகள் நாலாபக்கமும் சாய்ந்து நின்றன.

சரூன் அண்ணன் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். அவள்தான் கேட்டாள்.

“எங்கய்யா?”

“எது?”

“காட்டுக்குள்ள போயிருச்சுன்னு சொன்னியே, அது.”

அவர் தலையைச் சொறிந்தார். “போன வாரம் கொஞ்சம்…”

“சந்தைத் தூண் வரைக்கும் வந்துச்சு. மீனு துள்ளுச்சு. அப்புறம் நான் வர்றேன்னு தெரிஞ்சு ஓடிருச்சா?”

“நியாரி…”

“பிள்ளைய எதுத்த வீட்டுக்காரிகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். கொலாப் லீவு கேட்டுத் திட்டு வாங்கியிருக்கா. மூணு நாளா தூக்கமில்ல எனக்கு, சந்தோஷத்துல. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவகிட்டல்லாம் சொல்லிக்கிட்டு வந்தேன், எங்க ஊர்ல தண்ணி வந்துருச்சுன்னு.” கூடையை அவர் மேல் எறிந்தாள். அது அவர் மார்பில் பட்டுச் சேற்றில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, தன் சட்டையாலேயே அதைத் துடைத்தார்.

அவர் துடைத்ததைப் பார்த்துத்தான் அவள் கோபம் தணிந்திருக்க வேண்டும். புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். “மூட்டையத் தூக்கு. பொய்யனா இருந்தாலும் சுமக்கவாவது ஆகட்டும்” என்றாள்.

ஒன்பது நாள் இருந்தாள். வீடு சாய்ந்திருந்ததால் குழம்புச் சட்டி அடுப்பில் நிற்காது. ஒருவர் கிளற, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இருவரும் அப்படிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதை என் கடையிலிருந்து பார்த்தேன். போகும் அன்று சட்டென்று அவளே அந்தப் பேச்சை எடுத்தாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

“இனிமே தண்ணியப் பத்திப் பொய் சொல்லாத. அதுல எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. ஒன்னப் பாக்கணும் போல இருக்கு, வான்னு சொல்லு. அதுக்கு வர மாட்டேனா நான்?”

அண்ணன் தலையை ஆட்டினார். ஆனால் சொல்லக்கூடிய மனிதராக எனக்குத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் தண்ணீர் உண்மையாகவே வந்தது. செப்டம்பரில் ஒரே வாரத்தில் ஆளுயரம் ஏறிற்று. சாய்ந்த வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு நிமிர்ந்தன. என் கடை அலமாரியில் இருந்த புட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அந்தச் சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது. அண்ணன் ஓடி வந்து செல்போனைச் செருகினார். சார்ஜ் ஏறும்வரை காத்திருக்க முடியாமல் காலை மாற்றி மாற்றி நின்றார்.

“நியாரி, தண்ணி வந்துருச்சு!”

“போன தடவையும் இதே குரல்லதான் சொன்ன.”

“இல்லடி, சத்தியமா.”

“அப்பவும் மீனு துள்ளிச்சு.”

அவர் செல்போனை ஒயர் எட்டும்வரை நீட்டி, குனிந்து, தண்ணீரைக் கையால் அளைந்து காட்டினார். திரும்பக் காதில் வைத்தார்.

“கேட்டுச்சா?”

“பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுச்சு. சீம் கடையில எத்தன தட்டு கழுவுற இப்ப?”

நான் செல்போனை வாங்கினேன். “அக்கா, நெசம்தான். என் கடை ஆடுது. பேசிக்கிட்டே ஆடிக்கிட்டு நிக்கிறேன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “எவ்வளவு உசரம்டி?” என்றாள். “காட்டுல எந்த மரம் வரைக்கும்? காரைச் செடி முழுகிருச்சா? எங்கப்பா வீடு நின்ன எடம்?” ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில், “என்னால வர முடியாதுடி. பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு. கொலாப்புக்கு ஆலையில வேலை நெருக்கடி. எத்தன நாளு நிக்கும்னு தெரியுதா?” என்றாள்.

எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? இருபத்தாறு நாள் நின்றது. அண்ணன் மிச்சமிருந்த பதினெட்டு வீடுகளையும் காட்டோரத்துக்கு இழுத்தார். கடைசி வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் தண்ணீர் வடிய ஆரம்பித்துவிட்டது. உடனே திருப்பி இழுக்க வேண்டியிருந்தது. பிள்ளைக்குக் குணமாகி அக்கா புறப்படலாம் என்றபோது அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்: “வராத. எறங்கிருச்சு.”

அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வருவது குறைந்தது. கம்பைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். படகைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சாலை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மறு வருஷம் மார்ச்சில், நல்ல வெயிலில், சேற்றில் நடந்து என் கடைக்கு வந்தார். கடையில் இரண்டு பேர் அரிசி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

“நியாரி, வா,” என்றார்.

“தண்ணியா? இந்த மாசத்துலயா?”

“தண்ணி இல்ல.”

“மீனு?”

“அதுவும் இல்ல. குடிக்கிற தண்ணிக்கே அடுத்த ஊருக்குப் போறோம்.”

“பின்ன எதுக்கு வரணும்?”

“எதுக்கும் இல்ல. வா.”

அரிசி வாங்க வந்தவர்கள் இருவரும் பையைக் கட்டாமல் அப்படியே நின்றார்கள். அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாள் என்று இந்த ஒரு தடவை மட்டும் எனக்குக் கேட்கவில்லை. அண்ணனின் காது சிவந்துபோயிருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள், பேத்தியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு. வந்தவள் ஒரு யோசனையும் கொண்டுவந்தாள். வீடு நடு ஏரியில் கிடந்தால் அவளால் அடிக்கடி வர முடியாது. சாலை முடியும் இடத்தில் நின்றால் பஸ்ஸை விட்டு இறங்கிப் பலகையில் நடந்து வந்துவிடலாம். தண்ணீர் ஏறினால் வீடு மிதக்கும், இல்லாவிட்டால் தரையில் நிற்கும். “ரெண்டுக்கும் நடுவுல இருந்துக்குவோம்யா” என்றாள். அண்ணன் ஒரு வாரம் யோசித்தார். பிறகு மழையில் தண்ணீர் கொஞ்சம் ஏறியதும் தன் வீட்டையே இழுத்தார். என் கடையையும் அப்போதே இழுக்கச் சொல்லிவிட்டேன். பதினெட்டு வீட்டு ஊரில் யாருக்கு எண்ணெய் அளப்பது?

இப்போது அக்கா மாதத்தில் எட்டு, பத்து நாள் பேத்தியோடு இங்கே இருக்கிறாள். மற்ற நாட்கள் நகரத்தில். அவள் இல்லாத நாட்களில் அண்ணன் பஸ் வரும் நேரத்துக்கு வெளியே வந்து நிற்பார். யாரும் இறங்கவில்லை என்றால் உள்ளே போய்விடுவார். அவள் இங்கே இருக்கும்போது அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏக்கம் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. முறை வைத்துக்கொண்டு இருவரும் அதைச் சுமக்கிறார்கள்.

போன வாரம் அண்ணன் புது மூங்கில் வாங்கி வந்து இறக்கினார். தரையிலேயே கிடந்து வீட்டின் அடிக்கட்டு மூங்கிலெல்லாம் வெடித்துவிட்டது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“தண்ணி கணுக்கால் அளவுகூட இல்ல. இதுல மிதக்கிறதுக்கு மூங்கிலா?”

“வந்தா?”

“வந்தா பாத்துக்கலாம்.”

“வந்தப்புறம் எப்படிக் கட்டுறது? முழுகிரும்டி.”

அவள் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு குனிந்து வீட்டுக்கு அடியில் புகுந்து மூங்கிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். “இழுத்துக் கட்டு. இன்னும் இழு. என்ன, வயசாயிருச்சா?” என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. அண்ணன் காலை மூங்கிலில் ஊன்றிக்கொண்டு கயிற்றை இழுத்தார்.